மூக்கும் வாயும் இல்லாத பொம்மைகள்

(மழலையர் பள்ளி ஆசிரியைகளும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கலந்துகொண்ட பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொம்மலாட்டம் பற்றிப் பேச வருகிறவர் பெரிய பெட்டியும் திரைச்சீலையுமாக வந்து இறங்குவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் கொண்டுவந்தது ஒரு துணிப்பைதான். அதற்குள் பழைய புடவையில் கிழித்த நான்கு துண்டுகள், ஒரு பிடி கூழாங்கல், இரண்டு பனங்கொட்டை, சாண் உயரம்கூட இல்லாத ஆறு பொம்மைகள். எல்லாவற்றையும் இந்த மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறேன். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இது நூறு பேர் பார்ப்பதற்கான ஆட்டமே இல்லை. பதினைந்து இருபது பிள்ளைகள் தரையில் அரைவட்டமாக உட்கார்ந்து பார்ப்பதற்கென்று உருவானது. ஒலிபெருக்கி கிடையாது, வண்ண விளக்கு கிடையாது, ஆட்டுகிறவரை மறைக்கும் திரையும் கிடையாது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வளர்ந்து, இன்று பல நாடுகளின் மழலையர் பள்ளிகளில் வழக்கில் இருக்கிறது. மூன்று வயதிலிருந்து ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கானது. கதைகள் இரண்டு இடத்திலிருந்து வருகின்றன. ஒன்று தேவதைக் கதைகள். மற்றொன்று, ஜன்னலுக்கு வெளியே அந்த வாரம் என்ன நடக்கிறதோ அது: மழை, பனி, விதை, வண்டு.

இந்த அமைதியான ஆட்டத்துக்கு வருமுன் அதே ஜெர்மனியின் சத்தமான ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஜெர்மானியப் பிள்ளைகள் எல்லாரும் வாய்மூடி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

அங்கே பொம்மை நாடகம் என்றதும் நினைவுக்கு வருகிறவன் காஸ்பர். நீண்ட மூக்கு, கூம்புத் தொப்பி, கையில் தடி. வந்ததும், “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்பான். அரங்கம் முழுக்க “ஆமாம்!” என்று கத்தும். அவன் முதுகுக்குப் பின்னால் முதலை வரும். அவன் மட்டும் பார்க்க மாட்டான். பிள்ளைகள் தொண்டை கிழியக் கூவுவார்கள். ஒரு காலத்தில் சந்தைத் திடல்களில் பெரியவர்களுக்காக அடிதடியும் கொச்சைப் பேச்சுமாக ஆடிக்கொண்டிருந்தவன்தான் இவன். இவனைப் பிள்ளைகள் பக்கம் திருப்பியதில் மியூனிக் நகரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1858-ல் யோசஃப் லியோன்ஹார்ட் ஷ்மிட் என்பவர் அங்கே நிலையான பொம்மை அரங்கு ஒன்றைத் தொடங்கினார். அரசவையில் பதவி வகித்த ஃபிரான்ஸ் ஃபான் போச்சி என்ற பிரபு அந்த அரங்குக்கு நாடகங்கள் எழுதிக் கொடுத்தார். ஊரார் ஷ்மிட்டை ‘பாப்பா ஷ்மிட்’ என்றே அழைத்தார்கள். 1900-ல் நகராட்சி அந்த அரங்குக்கென்று ஒரு கட்டடமே கட்டித் தந்தது. இன்றும் அது பொம்மை அரங்காகவே நடக்கிறது. பொம்மலாட்டக்காரருக்கு நகராட்சி கட்டடம் கட்டிக் கொடுத்த இந்தச் செய்தியை, உள்ளாட்சியிலிருந்து யாராவது வந்திருந்தால் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆக்ஸ்பர்க் நகரம். வால்டர் ஓமிஹன் என்ற நடிகர் குடும்பத்தோடு சேர்ந்து சின்னதாக ஒரு பொம்மை மேடை வைத்திருந்தார். 1944-ல் குண்டுவீச்சில் அது எரிந்துபோனது. பொம்மைகள் தப்பின. போர் முடிந்து, ஊர் இடிபாடாகக் கிடந்த காலத்தில், 1948 பிப்ரவரி 26 அன்று ‘காலணி போட்ட பூனை’ கதையோடு புதிய அரங்கைத் திறந்தார். 1953-லேயே தொலைக்காட்சிக்கும் போய்விட்டார்கள். அவர்களுடைய நிகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கடல். ஜிம் என்ற சிறுவன் ரயில் எஞ்சினில் ஏறிக் கடல் கடக்கும் கதை; மிகாயேல் எண்டே எழுதியது; 1961-ல் எடுத்தார்கள். கடலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து அலைய விட்டார்கள், அவ்வளவுதான். பிளாஸ்டிக் என்று வீட்டில் பார்க்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்தது. கடலாகவும் தெரிந்தது. அந்தத் தலைமுறைக்கு இப்போது அறுபது எழுபது வயது. இன்னும் அந்தக் கடலைச் சொல்கிறார்கள். தண்ணீரையே காட்டியிருந்தால் இத்தனை பேர் நினைவு வைத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இவையெல்லாம் ஐந்தாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சரி. மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய் இப்படி ஒரு கூட்டத்தில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? உங்களுக்கே தெரியும். ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பார்த்தேன். பொம்மலாட்டம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். மேடையின் இரு பக்கமும் ஆளுயர ஒலிபெருக்கி, கரடி வந்தபோது இடி இடித்தது, இடையிடையே சினிமாப் பாட்டு, முடிவில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “இந்தக் கதையிலிருந்து நாம் என்ன கற்றுக்கொண்டோம் குட்டீஸ்?” என்று கேட்டார். மிகச் சிறியவர்களை மரியாதையாக முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அந்த வரிசை முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டிருந்தது. கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் பின்னால் நின்ற அம்மாக்கள்.

இனி அமைதியான ஆட்டத்துக்கு வருவோம்.

1919-ல் ஸ்டுட்கார்ட் நகரில் வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலையின் தலைவர் எமில் மோல்ட், தம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி வேண்டும் என்று ஆன்மிகச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனரைக் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் இன்று உலகமெங்கும் நடக்கும் வால்டார்ஃப் பள்ளிகளின் முதல் பள்ளி. சிகரெட் ஆலையின் பெயர் மழலைக் கல்வி முறைக்கு நிலைத்துவிட்டது ஒரு வேடிக்கை. 1926-ல் எலிசபெத் ஃபான் குருனேலியுஸ் என்ற ஆசிரியை அங்கே மழலையர் பிரிவைத் தொடங்கினார். 1938-ல் நாஜி ஆட்சி பள்ளியை மூடியது. போருக்குப் பின் மறுபடி திறந்தார்கள். போருக்குப் பிந்தைய காலத்தில், வியன்னாவின் மழலையர் ஆசிரியை புரோன்யா ஸாலிங்கன் போன்றவர்கள் கையில்தான் இந்த மேசைப் பொம்மை நாடகம் நன்கு தேறியது.

ஸ்டைனர் மறுபிறவி, ஆவி உலகம் என்று நிறைய எழுதியிருக்கிறார். அவற்றில் எனக்கு ஈடுபாடு இல்லை, விமர்சனமும் உண்டு. ஆனால் ஒரு சமையல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சமையல்காரரின் ஜாதகம் தேவையில்லை. மேசைமேல் நடப்பதைப் பார்ப்போம்.

பிள்ளைகள் வந்து உட்காரும்போது மேசைமேல் ஒரு துணி மூடியிருக்கும். உள்ளே மேடுபள்ளமாக ஏதோ இருப்பது தெரியும், என்னவென்று தெரியாது. ஆசிரியை மேசைக்குப் பின்னால் எல்லாருக்கும் தெரியும்படி உட்காருகிறார். ஒரு சின்ன மெட்டை முணுமுணுக்கிறார். சிலர் சிறு யாழ் போன்ற கருவியில் ஐந்து சுரம் மீட்டுவார்கள். மூடிய துணியை ஓர் ஓரத்திலிருந்து மெதுவாக விலக்குகிறார். பச்சைத் துணி புல்வெளி. நீலத் துணி குளம். அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து மேடாக்கிய பழுப்புத் துணி மலை. மரப்பட்டை, பாசி, பைன் காய், கூழாங்கல். பொம்மைகள் கம்பளி நூலாலோ துணியாலோ செய்தவை. அடியில் கனம் கொடுத்திருப்பதால் தானே நிற்கும். பேசுகிற பொம்மையை மட்டும் ஆசிரியையின் கை தொடுகிறது. மற்றவை அசைவதில்லை. கை மறைவதே இல்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் பிள்ளைகள் கையைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். ஆசிரியையும் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை, பொம்மையையே பார்க்கிறார். பெரிய பொம்மலாட்டக் கலைஞர்கள் எல்லாரும் சொல்லித் தரும் முதல் பாடம் இது. நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் பிள்ளை பார்க்கும்.

குரலை மாற்றிப் பேசுவதில்லை. ஓநாய்க்கு உறுமல், கிழவிக்கு நடுக்கம் என்று எதுவும் கிடையாது. ஒரே சீரான குரல். எட்டுப் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். மறுபடி அதே மெட்டு. அதே துணியால் மூடுகிறார். கேள்வி இல்லை, கைதட்டல் இல்லை. பிள்ளைகள் எழுந்து போகிறார்கள். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே. ஒரு வாரம், சில இடங்களில் இரண்டு மூன்று வாரம்கூட.

இதைச் சொன்னதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். ஒரே கதையை வாரம் முழுக்கச் சொன்னால் நமக்கு அலுக்கும். அவர்களுக்கு அலுக்காது. நீங்கள் ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள், உடனே திருத்துவார்கள். முதல் நாள் அடுத்து என்ன வருமோ என்று இறுக்கமாக உட்கார்ந்திருந்த பிள்ளை, மூன்றாம் நாள் அடுத்து வருவது தெரிந்து முன்கூட்டியே சிரிக்கிறது. முதல் நாள் பயம் இருந்த இடத்தில் ஐந்தாம் நாள் பெருமிதம் இருக்கிறது. ஓநாய் வரும், போய்விடும் என்பது அதற்கு இப்போது தெரியும்.

சரி, முகத்துக்கு வருகிறேன். இந்தப் பொம்மையைக் கொஞ்சம் கைமாற்றிப் பாருங்கள். கண் இரண்டு புள்ளி. அதுவும் சிலவற்றில் இல்லை. மூக்கில்லை, வாயில்லை. சோம்பலால் விட்டதல்ல. சிரித்த முகத்தோடு ஒரு பொம்மை செய்தால், அது காட்டில் வழி தவறியபோதும் சிரித்துக்கொண்டுதான் நிற்கும். முகம் இல்லாவிட்டால், அழுகையையும் சிரிப்பையும் பார்க்கிற பிள்ளையே கொடுக்கிறது. மாஸ்கோவில் 1931-ல் பொம்மை அரங்கைத் தொடங்கி அறுபது ஆண்டு நடத்திய செர்கேய் ஒப்ராஸ்த்சோவ் இதை மேடையிலேயே காட்டினார். துணி, உடை, முகம் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கை. ஒவ்வொரு கையின் விரல்நுனியிலும் ஒரு மரப்பந்து. அவ்வளவுதான் பாத்திரம். அந்த இரண்டு பந்துகள் காதலித்தன, வெட்கப்பட்டன. பெரியவர்கள் நிறைந்த அரங்கு பார்த்தது. பெரியவர்களுக்கே அது போதும் என்றால், நாற்காலியைப் பேருந்தாக ஓட்டுகிற நான்கு வயதுக்காரனுக்குக் கேட்க வேண்டுமா?

இங்கே திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் திரை முன்னால் உட்காரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது; குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. நான் கைப்பேசியைத் திட்டப் போவதில்லை. திட்டினால் யாரும் கீழே வைப்பதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். திரையில் வரும் யானைக்கு எல்லாம் உண்டு: தோலின் சுருக்கம், கண்ணின் ஈரம், பிளிறல். பிள்ளை செய்வதற்கு அங்கே ஒரு வேலையும் மிச்சமில்லை.

இயற்கைக் கதைக்கு வருவோம். எனக்கு நேரம் போதவில்லை என்றாலும் இதை அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன்.

1906-ல் ஸிபில்ல ஃபான் ஓல்ஃபெர்ஸ் என்ற கன்னியாஸ்திரீ ஒரு படப் புத்தகம் எழுதி வரைந்தார். வேர்ப்பிள்ளைகளின் கதை. மண்ணுக்கு அடியில், வேர்களுக்கு நடுவே, குட்டிப் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறார்கள். குளிர்காலம் முடியப்போகும்போது பூமித்தாய் வந்து எழுப்புகிறாள். பெண்பிள்ளைகள் ஆளுக்கொரு நிறத்தில் துணியெடுத்துத் தங்களுக்கு உடை தைத்துக்கொள்கிறார்கள். எந்தப் பூவாகப் போகிறார்களோ அந்த நிறம். பையன்கள் வண்டுகளையும் பூச்சிகளையும் எழுப்பி, தேய்த்துக் குளிப்பாட்டி, புதுசாக வண்ணம் பூசுகிறார்கள். வசந்தம் வந்ததும் எல்லாரும் ஊர்வலமாக மேலே ஏறி வருகிறார்கள். கோடை முழுக்க வயலிலும் நீர்க்கரையிலும் விளையாட்டு. இலையுதிர் காற்று வீசும்போது அம்மா வாசலில் நின்று அழைக்கிறாள், திரும்பிப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. வில்லன் இல்லை, போட்டி இல்லை. ஓல்ஃபெர்ஸ் 1916-ல், முப்பத்தைந்து வயதை எட்டுமுன்பே இறந்துவிட்டார். அவருடைய கதை இன்றும் வசந்தகாலத்தில் எத்தனையோ மழலையர் பள்ளி மேசைகளில் நடக்கிறது.

மேசையில் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? பழுப்புத் துணிக்கு அடியில் பொம்மைகளை முன்பே ஒளித்து வைத்துவிடுகிறார்கள். பூமித்தாய் நடந்து வந்து ஓர் ஓரத்தைத் தூக்குகிறாள். உள்ளே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். அந்தக் கணம் பிள்ளைகள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும். பிறகு தோட்டத்துக்குப் போனால் மண்ணைக் கிளறிப் பார்க்கத்தான் செய்வார்கள். ஒரு மண்புழுவாவது கிடைக்கும்.

சூரியன் நம்மோடு நடந்து வருகிறது, மேகத்துக்குத் தெரியும், கல்லுக்கு வலிக்கும் என்று சிறு பிள்ளைகள் நம்புவதை உளவியலாளர் ஜீன் பியாஜே ஆராய்ந்து எழுதிய நூலும் 1926-ல்தான் வந்தது, ஸ்டுட்கார்ட்டில் மழலையர் பிரிவு தொடங்கிய அதே ஆண்டு.  பியாஜேக்கு அது வளர்ச்சியின் ஒரு படி. பிள்ளை அதைத் தாண்டிப் போகும். தாண்டட்டும். ஆனால் அந்தப் படியில் நிற்கும்போது அதோடு அங்கேயே நின்று பேசுவதுதான் மரியாதை. நான்கு வயதில் ஒளிச்சேர்க்கை பற்றி விளக்கப்படம் காட்டுவது அறிவியல் ஆகாது.

தேவதைக் கதையும் இயற்கையும் ஒன்றாகக் கலந்த கதை வேண்டுமென்றால் கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலேயே இருக்கிறது, ஹொல்ல பாட்டி கதை. ஒரு பெண் கிணற்றில் விழுந்த நூற்புக் கதிரை எடுக்கக் குதிக்கிறாள். அடியில் ஒரு புல்வெளி. அடுப்பிலிருக்கும் ரொட்டி, வெந்துவிட்டேன், வெளியே எடு என்கிறது. ஆப்பிள் மரம், பழுத்துவிட்டது, உலுக்கு என்கிறது. பிறகு ஒரு கிழவியின் வீடு. தினமும் அவள் மெத்தையை நன்றாக உதற வேண்டும். இறகு பறந்தால்தான் பூமியில் பனி பெய்யும். ஜெர்மனியின் ஹெஸ்ஸன் பகுதியில் பனி பெய்யும்போது, ஹொல்ல பாட்டி படுக்கை போடுகிறாள் என்று சொல்வது வழக்கம் என்று கிரிம் சகோதரர்களே எழுதியிருக்கிறார்கள். மேசையில் ஆசிரியையின் கையிலிருந்து வெள்ளைக் கம்பளித் துணுக்குகள் நீலத் துணிமேல் மெல்ல விழுகின்றன. வெளியே ஜன்னலில் உண்மையான பனி. அந்த இரண்டையும் பிள்ளையே இணைத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு கேள்வி எப்போதும் வரும். கிரிம் கதைகள் கொடூரமானவை அல்லவா, பிள்ளைகளுக்கு எதற்கு? 1812-ல் முதல் பாகம் வந்தபோதே இந்தப் புகார் எழுந்தது. அவர்களும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகளுக்கென்று ஐம்பது கதைகளைப் பொறுக்கி 1825-ல் சிறு பதிப்பு போட்டார்கள். ஹான்ஸல், கிரேட்டல் என்ற அண்ணன் தங்கையைக் காட்டில் விடச் சொன்னவள் முதல் பதிப்பில் பெற்ற தாய்தான். பின்னால் வந்த பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆக்கினார்கள். ஆகவே கதையை வயதுக்கேற்பத் தேர்ந்தெடுப்பது குற்றமில்லை. மூன்று வயதுக்கு ஹான்ஸல் கதை வேண்டாம். ரஷ்யாவின் பெரிய முள்ளங்கிக் கிழங்குக் கதை போதும்: தாத்தா இழுக்கிறார், வரவில்லை, பாட்டி, பேத்தி, நாய், பூனை சேர்ந்து இழுக்கிறார்கள், வரவில்லை, கடைசியில் எலி வந்து கைகொடுத்ததும் வந்துவிடுகிறது. உக்ரேனின் கையுறைக் கதையும் அப்படித்தான். பனிக்காட்டில் தாத்தா தவறவிட்ட கையுறைக்குள் எலி, தவளை, முயல், நரி, ஓநாய், பன்றி, கரடி என்று ஒவ்வொன்றாக வந்து இடம் கேட்கும்.

ஐந்து வயதுக்கு ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும் சொல்லலாம். அதில் ஓநாய் ஆறு குட்டிகளை விழுங்குகிறது. தாய் ஆடு அதன் வயிற்றைக் கிழித்துக் குட்டிகளை எடுத்துவிட்டுக் கல்லை நிரப்பித் தைக்கிறது. ஓநாய் கிணற்றில் விழுகிறது. இதை நல்ல ஓநாயாக மாற்றிவிடலாமே, கடைசியில் எல்லாரும் நண்பர்களாகிவிடலாமே என்று கேட்கிறார்கள். என் தீர்ப்பு: கூடாது. கதவைத் தட்டுவது ஓநாய் என்றால் திறக்கக் கூடாது என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பயமுறுத்துவது ஓநாய் இல்லை, சொல்கிற நம் குரல்தான். சீரான குரலில் சொல்லுங்கள், நீலத் துணியின் ஒரு மடிப்பைத் தூக்கி ஓநாயை மூடுங்கள், முடிந்தது. கதறலும் ரத்தமும் சேர்ப்பது பெரியவர்களின் ஆசை.

நம் ஊருக்கு வருகிறேன். நம்மிடம் பொம்மை மரபு இல்லாமல் இல்லை. கன்னியாகுமரிப் பக்கத்துத் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து கலகலக்க வைப்பார்கள். காஸ்பரோடு சேர்த்து உட்காரவைத்தால் ஒத்துப்போவார்கள். கும்பகோணத்து மரப்பாவைக் கூத்தில் ஆட்டுகிறவர் தலையில் அணிந்த இரும்பு வளையத்திலிருந்து கயிறுகள் தொங்கும். பொம்மை ஒவ்வொன்றும் நல்ல கனம். இவை ஊர் முழுவதற்குமான கலைகள். இராமாயணமும் நல்லதங்காளும் அரிச்சந்திரனும் இரவு நெடுக நடக்கும். சின்னப் பிள்ளைகள் மடியில் பாதி தூங்கிப் பாதி பார்ப்பார்கள். மூன்று வயதுக்கென்று அளந்து செய்தவை அல்ல. ஆனால் அவற்றிலிருந்து எடுக்க நிறைய இருக்கிறது. வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பரண்மேல் ஒரு பெண், கீழே தினை, வந்து வந்து போகும் கிளிகள், கடைசியில் ஒரு யானை. பத்து நிமிடத்துக்கு அது போதும்.

ஜெர்மானிய முறையை எடுத்துக்கொண்ட சில பள்ளிகள் நம் நாட்டில் பைன் மரம், பனிக்குல்லாய்க் குள்ளன் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன. கதையாக ஹொல்ல பாட்டி வரட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே வசந்த வரவேற்பு நடத்தினால், அந்த நாடகத்தின் உயிரே போய்விடுகிறது. வேர்ப்பிள்ளைகள் கதை அங்கே நிற்பதற்குக் காரணம், ஜன்னலுக்கு வெளியே உண்மையாகவே பனி உருகிக்கொண்டிருக்கிறது.

நமக்கு மண்ணுக்கடியில் தூங்குகிறவர்கள் இல்லையா? முதல் நல்ல மழை பெய்த மறுநாள் செம்மண் காட்டில் தம்பலப்பூச்சி வெளியே வரும். ரத்தச் சிவப்பு, வெல்வெட் துணி மாதிரி உடம்பு. பூச்சி என்று பெயரே தவிர எட்டுக்கால், சிலந்திக்கு உறவு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்தான் கழிக்கிறது. அதே மழைக்குப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். ஒரு மாலை பறந்து, இறகை உதிர்த்துவிட்டுத் தரையில் நடக்கும். எங்கிருந்தோ தவளைக் குரல். இவர்களை எழுப்பிய பூமித்தாய்க்கு நீங்களே ஒரு கதை சொல்லுங்கள். சிவப்புத் துணி ஒரு துண்டு போதும்.

இந்தப் பனங்கொட்டையைப் பாருங்கள். ஆவணி, புரட்டாசியில் மணலில் புதைக்கிறோம். பெரும்பாலான விதைகள் முளையை மேலே அனுப்பும். இது முதலில் கீழே அனுப்புகிறது. மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிழங்காகிறது. மார்கழி, தையில் தோண்டியெடுத்து அவித்துத் தின்கிறோம். மேலே போகச் சொன்னால் கீழே போகிற பிடிவாதக்காரக் கொட்டை ஒன்று! மூன்று வயதுக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான பாத்திரம் கிடைக்காது. கதை முடிந்த அன்று ஆளுக்கொரு துண்டு கிழங்கும் கொடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: இயற்கைக் கதையில் பொம்மை பேசலாம், பாடலாம், ஆனால் நடப்பது பொய்யாக இருக்கக் கூடாது. பனங்கொட்டை ஒரு வாரத்தில் மரமாகிவிட்டது என்று சொல்லாதீர்கள்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிற்பகல் அமர்வில் எல்லாரும் செய்து பார்ப்பீர்கள். பழைய பருத்திப் புடவை, கொஞ்சம் பஞ்சு, நூல். உருண்டையாகப் பஞ்சை வைத்துக் கட்டினால் தலை. தொங்கும் துணி உடம்பு. நிற்கவேண்டுமென்றால் அடியில் ஒரு சின்னப் பையில் அரிசியோ மணலோ. மஞ்சள் போட்டு முக்கினால் மஞ்சள் துணி. மூக்கும் வாயும் வரையக் கை துறுதுறுக்கும், வரையாதீர்கள். கதையைப் புத்தகம் பார்க்காமல் சொல்லும்படி மனப்பாடம் செய்யுங்கள். ஆட்டுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள். துணி பறந்தால் மலை பறந்துவிடும்.

நாடகம் முடிந்தபின் துணியையும் கல்லையும் ஒரு கூடையில் பிள்ளைகள் எடுக்கும் உயரத்தில் வைத்துவிடுங்கள். நீங்கள் சொன்ன கதையை அவர்கள் ஆடுவார்கள், தப்பாக ஆடுவார்கள், ஓநாயும் ஆடும் சேர்ந்து பேருந்தில் போகும். திருத்த வேண்டாம். நல்ல ஓநாய் வேண்டுமென்றால் அதை அவர்கள் செய்துகொள்வார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், துறை அதிகாரிகள் இருப்பதால் சொல்கிறேன். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பள்ளி ஆசிரியர்களுக்குப் பொம்மலாட்டம் கற்றுத்தர தில்லியில் மத்திய அரசின் பண்பாட்டு வள மையம் 1979 முதல் இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் அப்படி ஒரு வாய்ப்பு அவர்களுடைய ஊர்ப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். எடை பார்ப்பதற்கும் பதிவேடு நிரப்புவதற்கும் கொடுக்கும் பயிற்சி நாட்களில் ஒரே ஒரு நாளை, முழு நாளாக, பொம்மை செய்யவும் கதை சொல்லவும் ஒதுக்குங்கள். சொல்லித் தர, இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் தோல்பாவைக் கலைஞர்களையும் மரப்பாவைக் கலைஞர்களையும் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். காணொளி அனுப்பி முடித்துவிடாதீர்கள். இதற்குப் புதிய நிதி அதிகம் வேண்டாம். பழைய புடவைகளை நாங்களே கொண்டுவருகிறோம்.